ஓ.ஏ.பி. மனு போடப் போகிறீர்களா? தாலுகா ஆபீஸ் வாசலிலிருந்து சில யோசனைகள்

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரு மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கட்டு வெள்ளைத் தாள், கைநாட்டு வைக்க ஒரு மைப்பெட்டி. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வரப்புத் தகராறு எல்லாம் எழுதுவேன் என்றாலும், வருகிறவர்களில் பெரும்பங்கு முதியோர் பணத்துக்கும் (ஓ.ஏ.பி. என்பது அதுதான்) விதவைப் பணத்துக்கும் அலைகிறவர்கள்தான். மனுவெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட பிறகும் என் மேசைக்கு ஆள் குறையவில்லை. ஆன்லைனில் போட்டு, தள்ளுபடியாகி, ஏன் தள்ளினார்கள் என்று புரியாமல் வந்து உட்காருகிறார்கள்.

இதைப் போனில் படிக்கிற நீங்கள் அறுபது வயதுக்காரராக இருக்க மாட்டீர்கள். ஊரில் இருக்கும் ஆயாவுக்கோ பெரியம்மாவுக்கோ போட்டுக் கொடுக்க நினைக்கும் பேரனாகவோ பேத்தியாகவோ இருப்பீர்கள். அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

என்னிடம் வரும் தள்ளுபடி மனுக்களில் நிஜமாகவே தகுதி இல்லாதவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் திட்டம் மாற்றிப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் காகிதத்துக்குக் காகிதம் பெயர் ஒத்துவராது. இது இரண்டும் சரியாக இருந்தால், விசாரணைக்கு வந்தவரிடம் ஆயா கௌரவத்துக்காக ஏதாவது சொல்லியிருக்கும். இந்தக் கடைசிதான் அதிகம். அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

எந்தப் பெயரில் மனு போடுவது

ஜனங்கள் எல்லாவற்றையும் 'ஓ.ஏ.பி.' என்றுதான் சொல்வார்கள். உள்ளே பல திட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் 20 ரூபாயோடு முதியோர் உதவித்தொகை தொடங்கியது. அதற்குப் பின்னால் 1974-ல் மாற்றுத்திறனாளிகளுக்கு, 1975-ல் ஆதரவற்ற விதவைகளுக்கு, 1981-ல் வயதான விவசாயக் கூலிகளுக்கு, 1986-ல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு, 2008-ல் ஐம்பது கடந்தும் திருமணம் ஆகாத ஏழைப் பெண்களுக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. நடுவில் 1995-ல் மத்திய அரசும் ஒரு முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்து, 2007-ல் அதற்கு இந்திரா காந்தி பெயரை வைத்தது. 65 என்று இருந்த வயது வரம்பு 2011-ல் 60 ஆனது.

தொகை 2011-ல் ஆயிரம் ஆனது, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கு அதே ஆண்டு ஜனவரியிலேயே 1,500 ஆக்கிவிட்டார்கள். இந்திரா காந்தி திட்டத்தில் வரும் 1,200-ல் டெல்லியிலிருந்து வருவது எண்பது வயதுக்குக் கீழே என்றால் வெறும் 200 ரூபாய். மீதி நம் மாநிலம் போடுவது. திட்டத்தின் பெயரைப் பார்த்து 'சென்ட்ரல் பணம்' என்று சொல்கிறவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

சரி, எதில் போடுவது? அறுபது முடிந்தவர், வறுமைக் கோட்டுப் பட்டியலில் இருக்கிறவர் என்றால் இந்திரா காந்தி முதியோர் திட்டம். நிலமில்லாத கூலிக்காரர் என்றால் முதல்வரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் முதியோர் ஓய்வூதியம் உண்டு. எந்த வழியில் வந்தாலும் ஒருவருக்கு ஒரு பணம்தான். விதவைப் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறவர் அறுபதானதும் முதியோர் பணமும் சேர்த்து வாங்க முடியாது.

விதவைகள் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். மத்தியத் திட்டத்தில் விதவை ஓய்வூதியம் வாங்க நாற்பது வயது ஆகியிருக்க வேண்டும். மாநிலத்தின் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்குப் பதினெட்டு முடிந்தாலே போதும். முப்பத்திரண்டு வயதில் கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண், கைக்குழந்தையோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். அவருடைய மனுவை யாரோ மத்தியத் திட்டத்தில் ஏற்றியிருந்தார்கள். 'வயது தகுதி இல்லை' என்று ஒரு வரியில் திரும்பி வந்திருந்தது. அதே காகிதங்களை மாநிலத் திட்டத்தில் திரும்பப் போட்டோம், விசாரணைக்குப் போயிற்று. இ-சேவை மையத்தில் மனு ஏற்றுகிறவர் அவசரத்தில் பட்டியலில் முதலில் தெரிகிற பெயரைத் தட்டிவிடுவார். பக்கத்தில் நின்று, எந்தத் திட்டத்தில் போடுகிறார் என்று திரையைப் பார்த்து, வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான பணம் கிடைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். கோர்ட்டில் விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது பிரிந்து வாழ்வதற்கான தீர்ப்பு கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து வருஷமாகக் கைவிடப்பட்டவராக இருக்க வேண்டும். கிராமத்தில் யார் கோர்ட்டுக்குப் போகிறார்கள்? அவன் பக்கத்து ஊரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துவது ஊருக்கே தெரியும். ஆனால் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று இன்னமும் அவன் போட்டோதான் இருக்கும். அந்தக் கார்டின் ஜெராக்ஸை இணைத்து 'கணவர் கைவிட்டுவிட்டார்' என்று மனு போட்டால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? முதலில் கார்டை அந்தப் பெண்ணின் பெயருக்கு மாற்றும் வேலையைப் பாருங்கள். மனு அதற்குப் பிறகு.

காகிதங்கள்

ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. விதவை என்றால் கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. மாற்றுத்திறனாளி என்றால் அடையாள அட்டை. பட்டியல் இவ்வளவுதான். சிக்கல் பட்டியலில் இல்லை, அதில் எழுதியிருக்கும் பெயர்களில் இருக்கிறது.

எல்லாக் காகிதங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து ஒரு தடவை பாருங்கள். ஆதாரில் 'முனியம்மாள்', கார்டில் 'முனியம்மா', பாஸ்புக்கில் 'ஜி. முனியம்மாள்' என்றிருக்கும். இந்த அளவு வித்தியாசத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் ஆதாரில் கணவர் 'கோவிந்தன்', இறப்புச் சான்றில் 'கோவிந்தசாமி', கார்டில் 'கோயிந்தன்' என்று வரும்போது, இறந்தவர் இவருடைய கணவர்தானா என்று கேள்வி எழும். அப்போது கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் 'கோவிந்தன், கோவிந்தசாமி இருவரும் ஒருவரே' என்று ஒரு சான்று கேட்டு வாங்கி இணைக்க வேண்டும். மனு போட்டுத் திரும்பி வந்த பிறகு இதற்காக அலைவதைவிட, போடுவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.

வயது அடுத்த தலைவலி. ஆரம்பத்தில் ஆதார் முகாம் போட்டபோது, பிறந்த தேதி தெரியாத கிழவிகளுக்கெல்லாம் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு வருஷத்தைப் போட்டு, ஜனவரி ஒன்று என்று தட்டி அனுப்பினார்கள். ஊரில் புதுவருஷம் அன்று பிறந்த ஆயாக்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பது அதனால்தான். எழுபது வயது ஆயாவுக்கு ஆதாரில் ஐம்பத்தேழு என்று இருந்தால், வாக்காளர் அட்டையையோ அரசு மருத்துவமனை டாக்டர் தரும் வயதுச் சான்றையோ காட்டலாம். ஆனாலும் ஆதாரில் வேறு வயது இருந்தால் கேள்வி வரலாம், முடிந்தால் அதைத் திருத்திவிட்டு வாருங்கள். பிறந்த தேதியை மாற்ற ஒரு வாய்ப்புதான் சாதாரணமாகக் கொடுப்பார்கள். எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று ஆதார் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கணவர் இறந்து இருபது வருஷம் ஆகியிருக்கும், இறப்பைப் பதிவே செய்திருக்க மாட்டார்கள். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். அதற்குச் சாட்சி, விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'உங்களுக்கு என்ன வயசும்மா?' என்றுதான். அறுபது ஆகிவிட்டது என்றால் விதவைப் பணத்தை மறந்துவிட்டு முதியோர் பணத்துக்குப் போடச் சொல்வேன். அதற்கு இறப்புச் சான்று வேண்டாம், தொகையும் அதேதான். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் இறப்புச் சான்றுக்காக வருஷக்கணக்கில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் சொத்து. நிலையான சொத்தின் மதிப்பு ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. முன்பு 50,000 என்று இருந்ததை உயர்த்தினார்கள். அரசு இலவசமாகக் கொடுத்த வீடு இந்தக் கணக்கில் சேராது. கவனிக்க வேண்டியது கூட்டுப் பட்டா. மாமனார் பெயரில் இருந்த இரண்டு ஏக்கர் நாலு பிள்ளைகளுக்கும் பொதுவாக ஏறி, இறந்த கணவருக்குப் பதில் ஆயா பெயர் அதில் வந்திருக்கும். ஆயா அந்தக் காட்டின் பக்கமே போயிருக்காது, கொழுந்தன்மார்தான் உழுவார்கள். ஆனால் வி.ஏ.ஓ. பதிவேட்டைத் திறந்தால் இரண்டு ஏக்கர்க்காரி. பட்டா, சிட்டாவை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மனு போடுவதற்கு முன்னால் நீங்களே எடுத்துப் பார்த்து, பெயர் இருந்தால் அவருடைய பங்கு எவ்வளவு, அனுபவிப்பது யார் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். வி.ஏ.ஓ. தானாகக் கண்டுபிடித்தால் நீங்கள் மறைத்தது போல ஆகிவிடும்.

இ-சேவை மையத்தில்

இ-சேவை மையத்தில் ஓ.ஏ.பி. மனுவுக்கான கட்டணம் 10 ரூபாய். சாதிச் சான்று, வருமானச் சான்றுக்குத்தான் 60. ஸ்கேன், பிரிண்ட் என்று கொஞ்சம் கூட வாங்குவார்கள், அது போகட்டும். 'மூவாயிரம் கொடுங்க, ரெண்டு மாசத்துல பணம் வர வெக்கிறேன்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நானும் காசு வாங்குகிறவன்தான், எழுதுகிற கூலி. வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் காசு கேட்பது வேறு விவகாரம்.

மனு ஏற்றுவதற்கு முன்னால் மனுதாரரின் விவரங்களைப் பதிந்து 'கேன்' எண் என்று ஒன்று உருவாக்குவார்கள். அதில் ஒரு போன் நம்பர் கேட்பார்கள். ஆயாவிடம் போன் இருக்காது, அதனால் மையத்துக்காரர் தன் நம்பரைப் போட்டுவிடுவார், அல்லது அன்றைக்குக் கூட வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் நம்பர் ஏறும். பிறகு கூடுதல் ஆவணம் கேட்டு வரும் செய்தியும், தள்ளுபடிச் செய்தியும் அந்தப் போனுக்குப் போகும், யாரும் பார்க்க மாட்டார்கள். உங்கள் நம்பரைக் கொடுங்கள். நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் பரவாயில்லை. ஆதாரோடு இணைந்த நம்பருக்கு ஓ.டி.பி. போகலாம், அந்தப் போனும் அன்றைக்கு ஆயாவின் கையில் இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதில் டி.என். என்று தொடங்கும் நீளமான எண் இருக்கும். அந்த எண்தான் உங்கள் மனு. சீட்டை ஆயா சுருக்குப் பையில் மடித்து வைத்தால் மைப் பிரிண்ட் ஒரு மாதத்தில் வெளுத்துப் போகும். அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கு ஆயா பெயரில் மட்டும் இருக்கட்டும். மகனோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம். ஜீரோ பேலன்ஸ் கணக்காக இருந்தால் நல்லது, இல்லையென்றால் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி கழித்துக்கொண்டே இருக்கும். ரொம்ப நாளாக வரவு செலவு இல்லாமல் தூங்கும் கணக்கு என்றால், கே.ஒய்.சி. கொடுத்து எழுப்பிவிட்டு வாருங்கள்.

விசாரணை

மனு கம்ப்யூட்டர் வழியாக வி.ஏ.ஓ.வுக்குப் போகும். அவர் விசாரித்து எழுதுவதை வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. பார்த்து மேலே அனுப்புவார். கடைசியில் முடிவெடுப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி தாசில்தார். தாலுகா ஆபீஸில் இருக்கும் எல்லா தாசில்தாரும் ஒருவரல்ல. பட்டா வேலை பார்க்கும் தாசில்தார் அறை வாசலில் நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு, 'இது என் சீட் இல்லம்மா' என்று கேட்டுத் திரும்புகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். போர்டைப் படித்துவிட்டு நில்லுங்கள்.

மூன்று பேர் கை மாறினாலும் மனுவின் தலையெழுத்தை எழுதுகிறவர் வி.ஏ.ஓ.தான். மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் அவர் எழுதியதைத்தான் படிக்கிறார்கள். ஒரு வி.ஏ.ஓ.வுக்கு இரண்டு மூன்று ஊர் கூடுதல் பொறுப்பாக இருக்கும். தலையாரியை அனுப்பி விசாரிப்பார், அல்லது வண்டியில் போகிற வழியில் வாசலில் நின்று இரண்டு கேள்வி கேட்பார். அந்த இரண்டு நிமிடம் எப்படிப் போகும் என்று பாருங்கள்.

"ஆயா, உன்ன யாரு பாத்துக்கறா?"

"எம் புள்ள இருக்கறான் சாமி. திருப்பூர்ல பெரிய கம்பெனில இருக்கறான். ஒரு கொறையும் வெக்கல."

அவ்வளவுதான். 'மகன் பராமரிப்பில் உள்ளார்' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அவர் மேலும் தப்பில்லை, கேட்டதைத்தான் எழுதினார். ஆயாவும் பொய் சொல்லவில்லை. வாசலில் நாலு பேர் வேடிக்கை பார்க்கும்போது, பெற்ற பிள்ளை சோறு போடவில்லை என்று ஒரு தாய் சொல்லுமா? பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வாடகை வீடு, இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ், பொங்கலுக்கு ஒரு புடவை, எப்போதாவது கையில் ஐந்நூறு. மகனின் 'பெரிய கம்பெனி' இதுதான். இதை வி.ஏ.ஓ. கேட்கவில்லை, ஆயாவும் சொல்லவில்லை. ரேஷன் அரிசியைப் பொங்கி, பக்கத்து வீட்டில் குழம்பு வாங்கி ஊற்றிச் சாப்பிடும் ஆயா, கம்ப்யூட்டரில் மகன் பராமரிப்பில் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆபீசர் வருகிறார் என்று முந்தின நாளே தெரிந்துவிட்டால் மருமகள்கள் வீட்டைக் கழுவி, ஆயாவுக்குப் பெட்டியில் இருக்கும் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டு, கவரிங் தோட்டையும் மாட்டி உட்கார வைப்பார்கள். பெண் பார்க்கவா வருகிறார்கள்?

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, மனு போடுவதற்கு முன்னால் ஆயாவோடு உட்கார்ந்து பேசுவது. 'உன் பிள்ளையைக் குறை சொல்லச் சொல்லவில்லை. அவன் எவ்வளவு அனுப்புகிறான், எப்போது அனுப்புகிறான், மாத்திரைக்கு என்ன செலவு, யார் சமைக்கிறார்கள், இதை மட்டும் சொல்லு' என்று சொல்லிக் கொடுங்கள். 'நல்லா பாத்துக்கறான்' என்பதற்குப் பதில் 'தீபாவளிக்கு ஐந்நூறு கொடுத்தான், அப்புறம் ஒண்ணும் வரல' என்று வந்தால் போதும், எழுதுகிறவர் கை வேறு மாதிரி எழுதும். முடிந்தால் மகனையே அன்று போனில் பேச வையுங்கள். 'எனக்கு வருமானம் பத்தல சார், அம்மாவுக்கு அனுப்ப முடியல' என்று மகன் வாயால் வந்துவிட்டால் ஆயாவுக்கு அந்தச் சங்கடமே இல்லை.

மகனே இல்லை என்று சொல்லச் சொல்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். சொல்லாதீர்கள். கார்டில் பெயர் இருக்கும், தெருவே சாட்சியாக நிற்கும். ஒரு தடவை பொய் என்று பதிவானால் அடுத்த மனுவையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போவதையும் மறைக்க வேண்டாம், அந்த அட்டை எண்ணும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. கார்டு மகனோடு சேர்ந்து இருக்கிறதே, பிரித்துத் தனிக் கார்டு வாங்கட்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நிஜமாகவே தனி அடுப்பு என்றால் பிரியுங்கள். ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு கார்டை மட்டும் பிரித்தால், விசாரணையில் இரண்டு கார்டுமே கேள்விக்கு வரும்.

மனு போட்ட வாரமே ஆயாவைக் கூட்டிக்கொண்டு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். ஒரு பாலித்தீன் கவரில் எல்லா ஜெராக்ஸையும் போட்டு, மேலே மனு எண்ணையும் போன் நம்பரையும் பெரிதாக எழுதிக் கொடுங்கள். 'ஐயா, மனு போட்டிருக்கோம், எப்ப விசாரணைக்கு வருவீங்க?' என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர் ஆயாவின் முகத்தைப் பார்த்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. தலையாரியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஊரில் யார் வீட்டு அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்பது வி.ஏ.ஓ.வைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

தள்ளுபடி ஆனால்

காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் எண்ணைப் போட்டால் ஒரு வரியில் வரும். வயது, பெயர், ஆவணம் மாதிரித் திருத்தக்கூடிய காரணம் என்றால் திருத்திவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சீக்கிரம் முடியும். 'மகன் பராமரிப்பில் உள்ளார்', 'சொத்து உள்ளது' என்று உண்மைக்கு மாறாக எழுதியிருந்தால் புதிய மனுவும் அதே வி.ஏ.ஓ.விடம்தான் போகும். அதற்குக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். 1100-க்குப் போன் செய்தும் பதிவு செய்யலாம், ஆனால் அதில் பெரும்பாலும் 'சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு பதிலோடு நின்றுபோகிறது என்பது என் அனுபவம்.

வி.ஏ.ஓ. என்ன எழுதினார் என்றே தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 'இன்ன எண் மனு மீது நடந்த கள விசாரணை அறிக்கையின் நகல் வேண்டும்' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஏன், எதற்கு என்று பத்துக் கேள்வி அடுக்கினால் எதற்கும் ஒழுங்காகப் பதில் வராது. அறிக்கை கையில் வந்த பிறகு மேல்முறையீட்டில் என்ன எழுதுவது என்ற குழப்பமே இருக்காது.

மேல்முறையீட்டு மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். 'கடவுள் போன்ற ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்றெல்லாம் எழுதச் சொல்லிக் கேட்பார்கள், நான் எழுதுவதில்லை. அதைப் படித்து யாரும் இரங்குவதில்லை, விஷயம் எங்கே இருக்கிறது என்று தேடி எரிச்சல்தான் படுவார்கள். நான் எழுதும் மாதிரி இது:

பொருள்: முதியோர் உதவித்தொகை மனு எண் (இங்கே எண்) தள்ளுபடி – மறு விசாரணை கோருதல்.

ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசிக்கிறேன். வயது 67. கணவர் இறந்துவிட்டார். என் மனு 'மகன் பராமரிப்பில் உள்ளார்' என்று தள்ளுபடி செய்யப்பட்டுள்ளது. என் ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தினக்கூலியாக இருக்கிறார். வாடகை வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வசிக்கிறார். கடந்த ஒரு வருடத்தில் எனக்கு அவர் கொடுத்தது தீபாவளிக்கு 500 ரூபாய் மட்டுமே. நான் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். நிலம் ஏதுமில்லை. வீடு அரசு கொடுத்த தொகுப்பு வீடு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நேரில் விசாரித்து உதவித்தொகை வழங்க வேண்டுகிறேன்.

இணைப்பு: தள்ளுபடி விவரம், ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக் நகல்கள், மகனின் கடிதம்.

இதில் 'தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன்' என்ற வரியை விடாமல் எழுதுங்கள், படிக்கிற அதிகாரி தேடுவது அதைத்தான். கொடுத்ததும் முத்திரை வைத்த நகலையோ மனு எண்ணையோ வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பணம் வர ஆரம்பித்த பிறகு

ஆணை வந்துவிட்டது என்றால் அடுத்த மாதமே பணம் வரும் என்று நினைக்காதீர்கள். ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பணம் கணக்கில் விழும். பல ஊர்களில் வங்கியின் முகவர் கைரேகை மெஷினோடு வந்து வாசலிலேயே கொடுப்பார். மணியார்டர் கொண்டுவந்த தபால்காரருக்குப் பத்து இருபது கொடுத்த பழக்கத்தில் இவருக்கும் ஐம்பது ரூபாய் விடுகிறவர்கள் உண்டு. முகவருக்கு வங்கி கமிஷன் கொடுக்கிறது, உங்கள் பணத்தில் கை வைக்க அவருக்கு உரிமை இல்லை. களை எடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கையைக் கழுவித் துடைத்து வைத்தால் சிலருக்கு விழும். அதற்கும் விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும். மாதம் ஒரு தடவை பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, முகவர் கொடுத்ததும் புத்தகத்தில் எடுத்ததும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பணத்தோடு வேறு இரண்டும் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி அல்லது சேலை, அப்புறம் மாதம் 4 கிலோ இலவச அரிசி. மதியச் சாப்பாட்டை அங்கன்வாடியில் சாப்பிடுகிறவர் என்றால் 2 கிலோ. இந்த அரிசியைக் கேட்காமலே விட்டவர்கள் ஏராளம்.

மகளிர் உரிமைத்தொகை வந்த பிறகு புதிய பயம் ஒன்று கிளம்பியிருக்கிறது. மாமியாருக்கு ஓ.ஏ.பி. வந்தால் மருமகளின் ஆயிரம் நின்றுவிடும் என்று மருமகள்கள் மனு போட விடுவதில்லை. 2023-ல் முதலில் அப்படித்தான் விதி இருந்தது, தொடங்குவதற்கு முன்பே தளர்த்திவிட்டார்கள். ஓ.ஏ.பி. வாங்குகிறவரே உரிமைத்தொகையும் வாங்க முடியாது. அதே கார்டில் இருக்கும் தகுதியுள்ள இன்னொரு பெண் வாங்கலாம். இதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆயாவை மூன்று மாதம் சென்னைக்கு அழைத்துப் போவதாக இருந்தால் தலையாரியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் சரிபார்ப்புக்கு வரும்போது வீடு பூட்டியிருக்க, 'இடம் பெயர்ந்தார்' என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். நின்ற பணத்தை மறுபடி ஓட வைப்பது புது மனுவைவிட இழுக்கும். ஆயா காலமாகிவிட்டால் உடனே தெரிவித்துவிடுங்கள். ஏ.டி.எம். கார்டை வைத்துக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தால் பின்னால் வசூலிப்பார்கள்.

எப்போது வருவது என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை வராதீர்கள், அதிகாரிகள் பாதிப் பேர் கலெக்டர் ஆபீஸில் இருப்பார்கள். ரொம்ப நாளாக நகராத மனு என்றால் மே, ஜூனில் ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்திக்கு வாருங்கள். உங்கள் பிர்க்காவுக்கு (ஒரு ஆர்.ஐ.யின் கீழ் வரும் ஊர்கள்) எந்தத் தேதி என்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் ஒட்டியிருப்பார்கள். அன்று அந்தப் பிர்க்காவின் வி.ஏ.ஓ.க்கள் எல்லோரும் கணக்குப் புத்தகங்களோடு ஆர்.ஐ., தாசில்தார் பக்கத்தில் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். மேலே இருப்பவர் 'இந்த மனு என்னாச்சு?' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் எதிரிலேயே இருப்பார். காலை பத்து மணிக்கெல்லாம் வந்து டோக்கன் போட்டுவிடுங்கள், மதியத்துக்கு மேல் பட்டாக் கூட்டம் வந்து மொய்த்துக்கொள்ளும்.